முறுக்கு டின்னில் திருநீறு

ஞாயிறு, ஆகஸ்ட் 1984. புந்தோங்.

போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கும் அண்ணனைப் பார்க்க அம்மாவோடு போனேன். கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, அம்மா முறுக்கு டின்னுக்குள் வைத்திருந்தார். அண்ணன் எதிரிலேயே காவலாளி அதைப் பிரித்தார். அவர் முகம் மாறியது.

"ஐயோ, சாமி துன்னூறு லா!" அம்மா பதறினார்.

"நெத்தியில பூசுறதுண்ணே, மூக்குல இழுக்குறதில்ல," என்று காவலாளியிடம் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பொட்டலத்தையே வெறித்தபடி எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தவன், திருநீறு என்றதும் முகம் தொங்கிப்போனான். அம்மா பூசிவிட்டபோது கண் கலங்கினான்.

"அவனுக்குப் பக்தி வந்துருச்சுங்க. அடுத்த மாசம் கூட்டிட்டு வந்துரலாம்," என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா உடனே அவன் மெத்தையை வெளியே எடுத்துத் தட்டினார். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறார்கள் இரண்டு பேரும்! நான் எதைச் சொல்ல?

மெத்தையை என் பக்கத்தில்தான் விரித்து வைத்திருக்கிறார்கள்.