பின்கதவால் போன மா

கிண்ணியா
6.1.1965

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம், முதலில் அதை எழுதிவிடுகிறேன். சூறாவளிக்குப் பிறகு இன்றைக்குத்தான் தபால் மூட்டை தோணித்துறையைக் கடந்து போகிறதாம். கூரையில் பாதி இல்லை. குசினி அடுப்போடு முழுதாகப் போய்விட்டது. உங்கள் அலுமாரி மட்டும் அசையாமல் நிற்கிறது, உங்களைப் போல.

கடலுக்குப் போன பக்கீர் திரும்பவில்லை. பிறகு மையித்துத்தான் கரை ஒதுங்கியது. பெண்சாதி அசனா இத்தாவில் இருக்கிறாள். இருபத்திரண்டு வயதில் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அந்த ஓட்டை வீட்டுக்குள்!

நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். நோன்பு தொடங்கிவிட்டதால் பெரிய கிடாரத்தில் ஊருக்கே கஞ்சி காய்ச்சுகிறோம். எல்லாம் நடத்துவது றஊப் மாஸ்டர். ஓம், அவரேதான். முகத்தைச் சுளிக்கவேண்டாம். மனிசன் நித்திரை இல்லாமல் ஓடுகிறார். மூதூருக்குத் தோணி பிடித்துப்போய் அரிசி கொண்டுவந்தது அவர்தான்.

உங்கள் நிஸா


கொழும்பு
12.1.1965

அன்பு நிஸாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். புயல் செய்தி கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கடிதம் வந்ததும் கந்தோரிலேயே அழுதுவிட்டேன். அழுத கண்ணோடு வாசித்துக்கொண்டு போனால், நடுவில் றஊப் நிற்கிறான்.

என் வேலை உனக்குத் தெரியும். எந்த ஊரில் யார் கூடுகிறார்கள், என்ன கதைக்கிறார்கள் என்று வரும் செய்திகளைச் சேர்த்து மேலே அனுப்புகிறவன் நான். அதனால் சொல்கிறேன், றஊபின் கட்சிச் சிவப்புச் சட்டைக்காரர்கள் சும்மா ஓடுகிறவர்கள் இல்லை. மார்ச்சில் எலக்சன். நாட்டுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அரசாங்கக் கச்சேரி இருக்கிறது, டீ.ஆர்.ஓ. உத்தியோகத்தர் இருக்கிறார், பள்ளிவாசல் நடத்தும் மரைக்காயர்மார் இருக்கிறார்கள். நிவாரணம் அவர்கள் கையால் வந்தால் அது நிவாரணம். அவன் கையால் வந்தால் அது வோட்டு. நம்முடைய பச்சைக் கட்சி திரும்பி வந்தால்தான் இந்தக் கூத்தெல்லாம் அடங்கும்.

அவனுடைய உம்மா உன்னைப் பெண் கேட்டு வந்ததை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். ‘மனிசன் நித்திரை இல்லாமல் ஓடுகிறார்’ என்று எழுதுகிறாய். என்னைப் பற்றி இப்படி ஒரு வரி என்றைக்காவது எழுதினாயா?

அவன் எங்கே போகிறான், யாரோடு கதைக்கிறான், ஒன்றும் விடாமல் எழுது.

உன் ஜமால்தீன்


கிண்ணியா
18.1.1965

பொறாமைக்கார மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்த சிரிப்பில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பெண் கேட்டு வந்தவர்களில் மாஸ்டரும் ஒருவர். நான் ஓம் சொன்னது உங்களுக்கு. அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். கஞ்சிக்கு வாளி அனுப்புகிற வீட்டைப் பற்றிப் பயமில்லை. அனுப்பாத வீட்டில்தான் பட்டினி, வெட்கத்தால் வாய் திறக்கமாட்டார்கள். எந்தக் குசினியில் புகை வரவில்லை என்று நாங்கள் பெண்கள் பார்த்துவந்து மாஸ்டரிடம் சொல்வோம். உங்கள் கந்தோரில் எங்களைப்போல வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?

அசனா வரிசைக்கு வர ஏலாதுதானே? அவளுக்குரிய நிவாரணக் கோதுமை மா மூடையை மஹ்ரிபுக்குப் பிறகு, இருட்டினதும், மாஸ்டர் தோளில் தூக்கிப்போய்ப் பின்கதவில் வைப்பார். வேலியில் தட்டி ஒருதரம் இருமிவிட்டு வந்துவிடுவார். அவர் தெருவுக்கு ஏறின பிறகுதான் அவள் கதவைத் திறப்பாள். மூடையில் வெளிநாட்டுக் கொடி போட்டிருக்கிறது. லாம்பு பிடிக்க நானும் பின்னால் போனேன்.

இப்போது வயிறு குளிர்ந்ததா?

உங்கள் நிஸா


கொழும்பு
22.1.1965

நிஸாவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மஹ்ரிபுக்குப் பிறகு, இருட்டுக்குள், முன்னால் அவன், பின்னால் லாம்போடு நீ. சிரித்தாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. இங்கே அறையில் தனியாகக் கிடக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

அவன் இனி அதிக நாள் அங்கே ஓடமாட்டான். ஒழுங்கு தானாக வராது, நாம்தான் கொண்டுவரவேண்டும்.

ஜமால்தீன்


கிண்ணியா
29.1.1965

மச்சானுக்கு,

நேற்று அஸர் தொழுகைக்கு முன் ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். கிடாரத்தில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பெரியவர் மாஸ்டரிடம் முதலாவதாகக் கேட்டது இதுதான். “மஹ்ரிபுக்குப் பிறகு பின்கதவால் போன மா எங்கே?”

அதை நான் ஓர் ஆளுக்குத்தான் எழுதினேன்.

நிவாரண மாவைக் களவாகக் கொடுத்து எலக்சனுக்கு ஆள் சேர்க்கிறார் என்று அறிக்கையாம். மாஸ்டர் அசனாவின் பெயரைச் சொல்லவேயில்லை. இத்தாவில் இருக்கிறவளைத் தெருவுக்கு இழுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு அடி வாங்கினார். நான் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் சத்தம் கேட்டு அசனாவே வந்துவிட்டாள். வெள்ளைப் புடவையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மா மூடையைத் தரையில் இழுத்தபடி, அத்தனை ஆண்களுக்கும் முன்னால் வந்து நின்றாள்.

“இந்தா உங்கட மா. பாதி திண்டிட்டம். மிச்சத்த ஏத்திக்கொண்டு போங்க. அவர உட்டுட்டுப் போங்க.”

மூடையை ஏற்றினார்கள். அவரையும் ஏற்றினார்கள். “மேலிடத்துக்கு அறிக்கை போயிட்டுது, எங்களால ஒண்டும் செய்ய ஏலாது” என்றார் பெரியவர். அசனா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள், மாவுக்காக இல்லை.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று எனக்கு எழுதவேண்டாம். உங்கள் மதினி இத்தா இருந்தபோது பின்கதவால் சாமான் வைத்துவிட்டு இருமிவிட்டுப் போனவர் நீங்கள். இத்தா என்ற ஒரு சொல்லை அறிக்கையில் சேர்த்திருந்தால் ஜீப் வந்திராது. அந்தச் சொல்லை நீங்கள் வேண்டுமென்றே விட்டீர்கள். நாட்டுக்காக விடவில்லை.

பெருநாளைக்கு வருகிறதென்றால் வாருங்கள், உங்கள் வீடு. அசனாவின் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும்.

நிஸா


கொழும்பு
2.4.1965

அன்பு நிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வர எனக்கு முகம் இருக்கவில்லை. நம்முடைய கட்சி வென்றதற்குக் கந்தோரில் எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். என் துண்டை நான் பியோனுக்குக் கொடுத்துவிட்டேன்.

றஊபை விடச் சொல்லி நானே எழுதிக்கொடுத்தேன். விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. ஊருக்கு வந்துவிட்டானா? உன்னைப் பார்த்தானா? என்ன கதைத்தான்? மெலிந்துபோனானா? நீ அவனுக்கு என்ன சொன்னாய்? கேட்கக்கூடாது என்றுதான் பேனையை எடுத்தேன், கை கேட்கவில்லை.

முன்பெல்லாம் உன் கடிதத்தைப் பிரித்தால் கிண்ணியா முழுவதும் அறைக்குள் வந்துவிடும். இப்போது மகளுக்குப் பல் விழுந்ததா முளைத்ததா என்றுகூடத் தெரியாது. எழுது நிஸா. திட்டியாவது எழுது. யாருக்கும் காட்டமாட்டேன், அல்லாஹ் அறிய.

உன் ஜமால்தீன்


கிண்ணியா
9.4.1965

மச்சானுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம்.

நஜ்முன் நிஸா