உட்கார இடம் கேட்டேன்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. சந்தோஷப் படபடப்புதான்.

வேலை முடிந்து லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். கூட்டத்தில் நின்றபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வயிறு வெளியே தெரியாததால் யாரும் எழுந்திருக்கவில்லை. என் முன்னால் கட்டுமான வேலை உடையில் ஒருவர், தமிழில் போன் பேசி முடித்துவிட்டுக் கண்மூடியிருந்தார். உழைத்துக் களைத்தவரை எழுப்பக் கூச்சமாக இருந்தது. வேறு வழியில்லை.

"அண்ணே, தலை சுத்துது. கொஞ்சம் உக்காரலாமா?"

அவர் பதறி எழுந்தார். "உக்காருங்கக்கா. உடம்பு முடியலயா?"

"இல்ல, மூணு மாசம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போன தடவை கலைந்துபோன பிறகு, இம்முறை என் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூட.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அடடே! என் வீட்டுக்காரிக்கு ஊர்ல ஏழு மாசம்க்கா. நல்லா சாப்பிடுங்க!" என்றார், பெட்டிக்கே கேட்கும்படி. நான் இறங்கும்வரை யாரும் என்னை இடிக்காமல் குறுக்கே நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் அம்மாவை அழைத்தேன்.

"ஏன்டி, இப்பதான் சொல்றியா!" என்று கத்தினார். பிறகு அழுதார். காலை ஏழு மணிக்கே புக்கிட் மேரா வீட்டிலிருந்து மீன்குழம்போடு வருகிறாராம்.

திங்கட்கிழமை ஸ்கேன். அதை நினைத்தால்... வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தூங்க வேண்டும், தூக்கம்தான் வர மாட்டேன் என்கிறது.