கூரை யாருடையது என்று கேட்காத அறிக்கை

சேவூர்,
11-10-2025

அன்புள்ள மதுமதிக்கு,

தரணி எழுதிக்கொள்வது. நீயும் உன் கணவரும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெல்லியில் இந்நேரம் புகை ஆரம்பித்திருக்கும், பாப்பாவுக்கு இளைப்பு வராமல் பார்த்துக்கொள். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பொய். பத்து நாளாக எரிச்சலில் இருக்கிறேன். சாப்பாடு போடவா என்று கேட்கக்கூட அம்மா பயப்படுகிறார்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் அறக்கட்டளையில் ஐந்து பேருக்கு நகல் போக வேண்டும். ஐந்து பேரும் ‘மிக முக்கியமான கருத்து, நன்றி’ என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூன்று முறை பார்த்துவிட்டேன். போனில் பேசலாம் என்றால் நான் வாய் திறந்ததும் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கூரியர். செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை நம் அறிக்கை வெளியாகிறது. அதற்குள் முப்பத்தொன்றாம் பக்கத்தை மாற்ற வேண்டும், மது. வேறு எதற்காகவும் இதை எழுதவில்லை.

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகள் சூரிய மின்சாரத்துக்கு மாற அரசு என்ன செய்யலாம் என்று ஆலோசனை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது உன்னால்தான். அதை மறக்கவில்லை. தப்பை ஆரம்பித்து வைத்ததும் நான்தான், அதையும் மறைக்கவில்லை.

வேலம்பாளையத்தில் எங்கள் பெரியப்பா ஆத்தப்பனுக்கு ஒரு நீளக் கட்டடம் இருக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், வெளியே அவர் பேரில் ஒரே மின் இணைப்பு, உள்ளே ஏழு கம்பெனிகள் வாடகைக்கு. அந்தப் பக்கம் பாதிக் கம்பெனிகள் இப்படித்தான். கணக்கெடுக்க வந்தவர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, நான் பெரியப்பாவைக் கைகாட்டினேன். வந்தவர்களைத் தனியே விட்டால் மரியாதை இல்லை என்று அவர் தன் காரிலேயே கூட்டிப் போனார். ஒவ்வொரு கம்பெனியிலும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயும் போண்டாவும் வரவழைத்தார். தெரிந்த மற்றக் கட்டட முதலாளிகளுக்கும் சொல்லிவிட்டார். அங்கேயும் இதே உபசாரம். ‘சூரியத் தகடு போட உங்களுக்குச் சம்மதமா?’ என்ற கேள்விக்கு நூற்றுக்கு எண்பத்தேழு பேர் சம்மதம் என்றார்கள்.

எங்கள் ஊரில் கல்யாண விருந்தில் என்ன பாயசம் என்பதற்குக்கூட எண்பத்தேழு பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கே எனக்கு மனசு நெருடியது. ஆனால் நீங்கள் எல்லோரும் திரையில் அதைப் பெரிய எழுத்தில் பார்த்துக் கைதட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூர் ஹோட்டலில் கலந்தாய்வு வைத்தோமே, அதற்குக் கம்பெனிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் சரக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில் யார் வருவார்கள்? வந்தது எட்டுக் கட்டட முதலாளிகள். முதல் இரண்டு வருடத்தில் தகடு போடுபவர்களுக்குக் கூடுதல் மானியம் தரலாம் என்ற நம் முப்பத்தொன்றாம் பக்கப் பரிந்துரையை அவர்கள்தான் ஒருமனதாக வரவேற்றார்கள். ‘பயனாளிகளின் ஆதரவு’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

இப்போது மருதம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். அட்டைப்படத்தில் இருக்கிறாரே, அவர்தான். பெரியப்பா கட்டடத்தில் மூன்றாவது கம்பெனி. ஆறு மிஷின், ஒன்பது பெண்கள், குழந்தைகள் ஜட்டிதான் தைக்கிறார்கள். உங்கள் போட்டோக்காரர் நம்பிக்கையோடு மேலே பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தது மழை ஒழுகும் ஓட்டையை. அதை அடைக்கச் சொல்லி அவர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

படத்தை அச்சிட அவர் சம்மதக் கையெழுத்து கட்டாயம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் அனுப்பினார்கள். அதை எடுத்துக்கொண்டு போன வாரம் போனேன். பெரியப்பா இல்லாமல் நான் தனியாக அந்தக் கட்டடத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. மருதம்மாள் படிவத்தை வாங்கி எங்கே என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு, தீபாவளி முடிந்ததும் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் முதலாளி என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூரியத் தகட்டின் பாரத்தைத் தாங்காது. கூரையைப் பிரித்து இரும்பு போட வேண்டும். வேலை முடிந்தபின் கட்டடத்தை ஒரே பெரிய கம்பெனிக்கு விடப் போகிறாராம். ஏழு பேரும் வெளியே.

சம்மதம் என்று அன்றைக்கு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. “ஏனுங்க அம்மிணி, மொதலாளி பக்கத்துல உக்காந்து போண்டா தின்னுட்டு இருக்காருங்க. அவரு கூரைக்கு நான் வேண்டாம்னு சொல்றதுங்களா? கூரை யாருதுன்னு உங்காளுங்க ஒருத்தருமே கேக்கலீங்களே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு டீ சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அறிக்கையின் வரைவு மேஜை மேலேயே இருந்தது, வருகிறவர்களிடமெல்லாம் தம்பி மகள் எழுதியது என்று காட்டுகிறாராம். “நீ எழுதுனபடிதான கண்ணு செய்யறேன்? குடியிருக்கறவங்க இருந்தாத்தான் மானியம்னு எழுதியிருந்தீன்னா அப்படியே செஞ்சிருப்பேன். நீ எழுதலியே” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, மது.

நான் சும்மா இருக்கவில்லை. கணக்கெடுப்பில் இருந்த வாடகைக் கம்பெனிக்காரர்கள் இருபது பேரை ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். பதினேழு பேர் மருதம்மாள் சொன்னதையே சொன்னார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அதையும் கேட்டுக்கொள். தங்களை வெளியேற்றாமல் வந்தால் நல்லது என்றுதான் சொன்னார்கள். இதை உங்கள் ஆய்வுக் குழுவிடம் சொன்னால், கணக்கெடுப்பில் நானூறு பேர், நீங்கள் பார்த்தது இருபது பேர், இதை ஆதாரமாக எடுக்க முடியாது என்கிறார்கள். கடைசியில் பெரிய மனசு பண்ணி அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: ‘வாடகைதாரர் நிலை குறித்து மேலும் ஆய்வு தேவை.’ அந்த மேலும் ஆய்வையும் எனக்கே தருவார்களாம். அப்போது யாரைப் போய் ஆய்வு செய்வது? காலியான கட்டடத்தையா?

நீயும் புதன்கிழமை போனில் அதையேதான் சொன்னாய். பாயிண்ட் சரி, ஆனால் இப்போது வேண்டாம், இரண்டாம் கட்டத்தில் பார்ப்போம் என்றாய். கல்லூரியில் மெஸ் சாப்பாடு சரியில்லை என்று வார்டன் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீ. அந்த மதுமதியா இது என்று எனக்கு அழுகையே வந்தது. உன் நிலைமையும் எனக்குத் தெரியும். இது நீ பொறுப்பேற்ற முதல் அறிக்கை, அழைப்பிதழ்கூட அடித்தாயிற்று. கடைசி நேரத்தில் நிறுத்தினால் உன் பெயர்தான் கெடும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு பத்தி. ஏற்கெனவே இருக்கும் வாடகைதாரர்களைத் தொடர்ந்து இருக்க விட்டு, குறைந்த விலை மின்சாரத்தை அவர்களுக்கும் தரும் கட்டடத்துக்கு மட்டுமே மானியம். அவ்வளவுதான். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இது அச்சில் வந்தால் பெரியப்பா அவர்களை வெளியேற்றுவதை நிச்சயம் நிறுத்துவார். லாபம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிற்கிற மனுஷர். தீபாவளி இருபதாம் தேதி.

மருதம்மாள் கையெழுத்துப் போட்ட படிவம் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பத்தி சேரும்வரை அனுப்ப மாட்டேன். படத்துக்குச் சம்மதம் வாங்க உங்களிடம் நாலு பக்க விதி இருக்கிறது. பிழைப்பைப் பிடுங்கச் சம்மதம் வாங்க ஒரு வரி இல்லை. அட்டைப்படத்தை மாற்றிக்கொண்டு அறிக்கையை வெளியிட உன்னால் முடியும், அதுவும் எனக்குத் தெரியும். அப்படிச் செய்வதானால் என் பெயரையும் எடுத்துவிடு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் மருதம்மாள் கம்பெனியில் இருப்பேன். அந்த நேரத்துக்கு மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாமல் எனக்குப் போன் செய். பத்தி சேர்ந்துவிட்டது என்றால் என்னிடம் சொல், நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். சேரவில்லை என்றால் போனை அவரிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு வருடமாக நீங்கள் சொன்னதையெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி நான்தான் எடுத்துச் சொன்னேன். இதை மட்டும் நீயே சொல்லிவிடு.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். அவள் நல்ல காற்றைச் சுவாசித்து நூறு வயது வாழட்டும்.

என்றும் உன் தோழியாகவே இருக்க ஆசைப்படும்,
தரணி