தூங்கிப்போன ஈக்கள்

வேலெஸ்,
நற்கருணைத் திருநாளுக்கு முந்தின நாள்.

அன்பு மகள் லுஸ் தாரிக்கு அம்மா எடெல்மிரா ஆண்டவர் பெயரால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் காகிதம். பஸ் ஓட்டுகிற எவெலியோ அண்ணன் இதோடு ஒரு கண்ணாடி ஜாடியும் தருவார். ஜாடியைத் திறந்துவிடாதே. முதலில் இதைப் படி.

இந்த வருஷம் கொய்யா நன்றாகக் காய்த்திருக்கிறது. வாரம் இரண்டு தடவை கொய்யாக் கட்டி கிளறுகிறேன். பக்கத்து வீட்டுக் கார்மென்சாவின் மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று. பெண் நன்றாகச் சமைப்பாளாம். அதைப் பத்து தடவை சொன்னாள். பையன் என்ன செய்வான் என்று கேட்டேன். "தின்பான்" என்றாள்.

உன் பாட அட்டவணை இன்னும் சமையலறைக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. ரேடியோவில் பாடம் கேட்டு எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். அந்தப் பெயர்களை வாசிக்கவே ஒரு மாசம் ஆயிற்று. இப்போது செபமாலை முடிந்ததும் ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புனிதரிடம் ஒப்படைக்கிறேன். நோயெதிர்ப்பியலைக் கொள்ளைநோய்க்காரர்களைக் காத்த ரோக்கிடம் கொடுத்தேன். சூழலியல் பறவைகளோடு பேசின பிரான்சிஸுக்கு. கரு வளர்ச்சியை மாதாவே பார்த்துக்கொள்வாள். மரபியலுக்குத்தான் ஆள் கிடைக்காமல் திண்டாடினேன். கடைசியில் இயேசுவின் பாட்டி அன்னம்மாளிடம் கொடுத்தேன். பேரப்பிள்ளை விஷயம் அவளுக்குத் தெரியாதா?

ஆனால் எவெலியோ அண்ணன் போன வாரம் ஒரு சேதி சொன்னார். உன்னை அங்கே கல்லூரி ஊரில் ஒரு செருப்புக்கடை வாசலில் பார்த்தாராம். "பரீட்சைக்கு லீவா பாப்பா?"ன்னு கேட்டாராம். "பரீட்சையே வேணாம் மாமா, ஒண்ணாந்தேதியிலேர்ந்து இங்கதான் கல்லாவுல உக்காரப் போறேன்"னு சிரித்துக்கொண்டே சொன்னாயாம். நீ சிரித்துக்கொண்டே சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமையை நான் மறக்கவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும் என்று ஈ வளர்க்கிற கண்ணாடிக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சிறகு அரைகுறையாக முளைத்த பழ ஈக்கள். ஆயிரக்கணக்கில் பார்த்து நீயே கண்டெடுத்த வகை, வேறு யாரிடமும் இல்லை, பட்டத்துக்கான ஆய்வே இதுதான் என்றாய். கதகதப்பாக இருக்கட்டும் என்று மெழுகுவத்தி எரிகிற புனித பார்பரா படத்துக்குக் கீழே வைத்தோம். நீ சோளம் அரைக்கப் போன நேரம் பார்த்து இடி இறங்கியது. இடி இடித்தால் மந்திரித்த குருத்தோலையைக் கொளுத்தி பார்பராவைக் கூப்பிடாத வீடு இந்த ஊரில் உண்டா? கொளுத்தினேன். வீடு முழுக்கப் புகை. புகை அடங்கிப் பார்த்தால் குழாய்களில் ஒரு ஈயும் அசையவில்லை. செத்துவிட்டது என்று நினைத்துக் கோழிக்கூண்டுப் பக்கம் வாழைத்தோல் குவியலில் கொட்டினேன். நீ வந்து அழுக்கைப் பார்க்க வேண்டாமே என்று சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

நீ வந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, புகைபட்டா அது மயங்கும்மா. நாங்களே மயக்கித்தான் எண்ணுவோம். தூங்கினதைப் போய்க் கொட்டிட்டீங்களே! உங்க ஓலையும் உங்க சாமியும்!" அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினாய். சின்ன வயதிலிருந்து வாசல் தாண்டும்போதெல்லாம் கேட்கிற ஆசீர்வாதத்தை அன்றைக்குக் கேட்கவில்லை.

இனி ஜாடி விஷயம். போன சனிக்கிழமை கொய்யாத் தட்டை மூடியிருந்த துணியை எடுத்தேன். மற்ற ஈயெல்லாம் பறந்தது. நாலைந்து மட்டும் பறக்காமல் நடந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். முதுகில் சிறகு சுருண்டு, குருத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. லுஸ் தாரி, உன் ஈக்கள்! குவியலில் விழுந்தவை விழித்திருக்கின்றன. கோழி கொத்தியது போக மிஞ்சியவை ஊர் ஈயோடு சம்பந்தம் பண்ணியிருக்கின்றன. ஒரு நாள் தட்டு கழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "சில குணம் பிள்ளைங்ககிட்ட ஒளிஞ்சுக்கும்மா, அழியாது. பேரப்பிள்ளைகிட்ட வெளிய வரும்." ஒளிந்துதான் இருந்தது. அன்னம்மாள் கைவிடவில்லை.

ஜாடியில் வாழைப்பழமும் வெல்லமும் நீ வைக்கிற மாதிரியே வைத்திருக்கிறேன். வாய்க்குப் பஞ்சு. கணக்கு நோட்டில் சோப்புக்கும் உப்புக்கும் கீழே ஈக்குப் பழம் என்று ஒரு வரி ஏறியிருக்கிறது. "ஈ ஓட்டுற பொம்பளைய பாத்திருக்கேன், ஈக்குச் சோறு ஊட்டுறவள இப்பத்தான்டி பாக்கறேன்" என்று கார்மென்சா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். வழியில் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்று எவெலியோ அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். "ஈக்காகவா?" என்றார். "என் மகளுக்காக" என்றேன்.

இவை ஊர் ஈயோடு கலந்தவை, உன் ஆய்வுக்கு உதவுமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பேராசிரியைக்குத்தான் தெரியும். கடைக்குப் போகும் முன் இந்த ஜாடியை ஒரு தடவை அவரிடம் காட்டு. உதவாது என்று அவர் சொல்லிவிட்டால் கல்லாவிலேயே உட்கார், அதற்கும் ஒரு புனிதரைப் பிடிக்கிறேன். ஆனால் செத்ததா, தூங்குகிறதா என்று பார்க்காமல் கழுவிக் கவிழ்த்துவிடாதே கண்ணு. அது உன் அம்மா செய்கிற வேலை.

அன்றைக்கு நீ கேட்காத ஆசீர்வாதத்தை நீ போன தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். வந்து சேர்ந்திருக்காது, பஸ் சத்தம் அதிகம். இப்போது எழுதியே தருகிறேன்: ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக, மகளே. அடுத்த தடவை வாசலில் நின்று கேள். உரக்கச் சொல்கிறேன்.

உன் அம்மா,
எடெல்மிரா