முதல் இரண்டு அங்குலம்

ஜூன் 3, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஆணிப்பெட்டி எழுதுகிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, படகுப் பட்டறையில் உன்னை யாராவது அதட்டுகிறார்களா என்றெல்லாம் முதலில் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். கணக்கு நோட்டுக்குள் மறைத்து எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமினாலே என் பேனா நின்றுவிடுகிறது.

உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று அப்பா சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. அதனால் பதிலை எதிர்வீட்டுத் தையல் அத்தை பெயருக்குப் போடு. “உங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேர் வாயையும் சேர்த்து வெச்சுத் தைக்கணும்டி” என்று திட்டினார். ஆனால் சம்மதித்துவிட்டார்.

விஷயம் இதுதான். அப்பா மறுபடியும் படகு வேலையைத் தொடங்கிவிட்டார், தனியாக. தபாலில் வரவழைத்தாரே, அதே வரைபடத்தைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நீ சிவப்புப் பென்சிலால் போட்ட திருத்தங்களை எல்லாம் அழித்தாயிற்று. நடுவில் படகின் அடிப்பாக அகலம் பழையபடி நாற்பது அங்குலம்.

“இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நாப்பதுல நின்னு வலை வீசுவீங்களா? நாப்பத்தாறு ஆக்குங்கப்பா!” என்று வீட்டை விட்டுப் போன அன்று நீ கத்தியது தெருவுக்கே கேட்டது. ஏணியிலிருந்து விழுந்ததை அப்பா கரன்ட் வேலைக்குக் கூப்பிடுகிற யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். நீ சொன்னது தப்பில்லை அண்ணா. சொன்ன இடம்தான் தப்பு.

நேற்று பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினார். முழங்கால் மடங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “அம்மாகிட்ட சொல்லாதே” என்றார். ஏரியில் பிடிக்கச் சுவர் ஏது? தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் அடியில் சேறு. எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா நலம். நீ அடித்த அலமாரிப் பலகையில் முழங்கையை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறாள். அப்புறம் அந்தப் பலகையையே துடைத்து வைக்கிறாள்.

உன்
ஆணிப்பெட்டி


ஜூன் 14, சனி

என் ஆணிப்பெட்டிக்கு,

உன் கடிதத்தை மரத்தூள் மேட்டில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். இங்கே யாரும் அதட்டுவதில்லை. பேசுவதே இல்லை, ரம்பம்தான் பேசுகிறது. சாயங்காலம் ரம்பம் நின்றதும் நம் கொட்டகை ஞாபகம் வந்துவிடும். அப்பா பலகையில் கோடு போடுவார். நான் டேப்பை இழுப்பேன். நீ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வாயில் நாலு ஆணியோடு, “ம்ம்ம்” என்று எதையோ சொல்லுவாய். அப்பா, “துப்பிட்டுப் பேசும்மா” என்பார்.

இங்கே எல்லாரிடமும் முழு டேப் இருக்கிறது. நம் டேப்பின் முதல் இரண்டு அங்குலத்தை நான்தானே தகரக் கத்திரியால் வெட்டி உனக்கு மோதிரம் செய்தேன்? அடி விழும் என்று பார்த்தேன். “ரெண்டு கூட்டிக்கிட்டா போச்சு” என்றார் அப்பா. பதினோரு வருஷமாக அளக்கும்போதெல்லாம் இரண்டு கூட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

இப்போது கவனி. அப்பா நடுச்சட்டத்தை அறுப்பதற்குள் வரைபடத்தில் அந்த எண்ணை மாற்றிவிடு. நாற்பத்தெட்டு என்று எழுது. நாற்பத்தாறோடு நம் டேப்புக்கான இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்ற சட்டங்களை நடுச்சட்டத்தைப் பார்த்து அவரே சரி செய்துகொள்வார். அகலமான அடி என்றால் ஓர் ஓரத்தில் நின்றாலும் சாயாது.

மாட்டிக்கொண்டால் நான் சொன்னதாகவே சொல். ஏற்கெனவே கோபம் என் மேல்தானே.

அண்ணன்


ஜூன் 24, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

செய்துவிட்டேன். அழிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாற்பதில் இருந்த பூஜ்யத்தின் இடுப்பை இரண்டு பக்கமும் இறுக்கினேன், எட்டு ஆகிவிட்டது. அவசரத்தில் கொஞ்சம் கோணல் எட்டு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இது பூஜ்யமா, எட்டாம்மா?”

“எட்டுப்பா.”

“முன்னாடியே எட்டா?”

“ஆமாப்பா.”

என் வாழ்க்கையில் அவரிடம் சொன்ன பெரிய பொய் இதுதான். “சரி, முனையைப் பிடி” என்றார். பிடித்தேன். கோடு போட்டு அறுத்தார். நான் உள்ளே ஓடிவந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா தனியாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். “சிரிச்சாரா? காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாரு” என்றாள்.

அன்றிலிருந்து என்னை ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயம். தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் அறுத்தார்? சீக்கிரம் பதில் போடு.

உன்
ஆணிப்பெட்டி


ஜூலை 6, ஞாயிறு இரவு

அண்ணா,

மாட்டிக்கொண்டேன்.

“அன்புள்ள அண்ணாவுக்கு” என்று மேலே எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் அப்பா. செருப்பில்லாமல் வந்திருக்கிறார். கணக்கு நோட்டை மூடினேன். உள்ளே இருந்து உன் கடிதம் நழுவி அவர் காலடியில் விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான்தான்பா எட்டாக்கினேன்” என்று உளறினேன்.

“தெரியும். அழாதே, அம்மா எழுந்துடுவா” என்றார்.

விளக்கடியில் நின்று உன் கடிதத்தை முழுக்கப் படித்தார். மோதிரம் என்ற இடத்தில் நிறுத்தி, மேலே போய், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“நாளைக்குத் தபால்ல போடறதுக்கு முன்னாடி, அடியில எனக்குக் கொஞ்சம் இடம் விடு.”

விட்டிருக்கிறேன்.

ஆணிப்பெட்டி


தம்பி,

நீ அன்று கத்திய எண் நாற்பத்தாறு. படத்தில் இருந்தது நாற்பத்தெட்டு. எட்டின் கோணலைப் பார்த்ததும் பாப்பா கை என்று தெரிந்தது. கூடுதல் இரண்டைப் பார்த்ததும் நீ என்று தெரிந்தது. அலமாரிப் பலகையிலும் இதையேதான் செய்தாய். டேப்புக்காகக் கூட்டுவது அளக்கிற கையில்தான், காகிதத்தில் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

நாற்பத்தெட்டாகவே அறுத்துவிட்டேன். அந்த அலமாரிப் பலகையில் நீண்டு நிற்கிற இரண்டையும் இன்னும் வெட்டவில்லை.

முழங்காலைப் பற்றி நீ சொன்னது சரி. மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நானும் மெதுவாகக் கேட்டிருக்கலாம்.

படகைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்டியிருக்கிறேன். அடிப்பலகை முழுவதும் அடித்தாயிற்று. இனிப் புரட்டிப் போட வேண்டும். அதற்கு என் ஒருவன் கை போதாது. பக்கத்து வீட்டுக்காரர் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

லீவு கேட்டுப் பார். வரும்போது புது டேப் எதுவும் வாங்கிக்கொண்டு வராதே.

அப்பா