ஐந்தாம் வகுப்பில் ஓர் இடம்

ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணிக்கு மூட்டுவலி மட்டும் விட்ட பாடில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் உன் மகளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரைதான் தாங்கும். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மணியடித்து வரிசையில் நிறுத்துகிற தலைமையாசிரியரின் சொந்த மருமகள் பத்து வயதாகியும் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. ஆசிரியர் அறையில் என் காதுபடவே சிரிக்கிறார்கள். வீட்டில் படிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கும் நேரம், காலம், ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அவளைச் சோதித்துப் பார்க்கிறேன். தேறினால் வாயை மூடிக்கொள்கிறேன்.

அன்புள்ள அண்ணன்

ஜூன் 5

அண்ணா,

தாராளமாக வாருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். சோதனை மட்டும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒழுங்கு இல்லையென்று யார் சொன்னது? மணி இல்லை, அவ்வளவுதான். கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துணி தொங்கினால் உள்ளே வேலை நடக்கிறது, யாரும் நுழையக் கூடாது. தையல் வேலைக்குத் திரைச்சீலை வெட்டும்போது நான் தொங்கவிடுவேன். குட்டி தன் வேலையில் இருக்கும்போது அவள் தொங்கவிடுவாள். அவசரமென்றால் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நானே சாப்பாட்டுத் தட்டோடு அவள் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். நீங்களும் நினைவில் வையுங்கள்.

உங்கள் தங்கை

ஜூன் 11

தங்கைக்கு,

கூடப் பிறந்த அண்ணனைப் பார்த்து, "வெளிய போங்க" என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? அதுவும் உன் அண்ணி முன்னால். அப்படி என்ன செய்துவிட்டேன்? கதவைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், கையைப் பிடித்து இழுத்தேன், "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டேன். முழித்துக்கொண்டு நின்றாள். பட்டப்பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு களிமண் பொம்மையோடு விளையாடும் பிள்ளையைக் கூடத்துக்கு இழுத்து வந்தது ஒரு குற்றமா? கந்தல் துணிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

இடத்தை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. யோசி.

அண்ணன்

ஜூன் 14

அண்ணா,

யோசித்துவிட்டேன். இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள்.

அது விளையாட்டு இல்லை. ஒரு களிமண் ஆள் படியேறும் படம். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் போனில் படம் பிடித்துக் கோத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மாறக் கூடாதென்றுதான் ஜன்னலை மூடியிருந்தாள். நீங்கள் விளக்கைப் போட்டு அவள் கையைப் பிடித்து இழுத்ததில் மேசை ஆடி, நாலு நாள் வேலை பாழாய்ப் போனது. அவள் முழித்தது வாய்ப்பாட்டைக் கேட்டு இல்லை, விழுந்த பொம்மையைப் பார்த்து. வாய்ப்பாடு தெரியாமலும் இருக்கலாம். தேவைப்படும்போது கற்றுக்கொள்வாள். நீங்கள் போன பிறகு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு தானாகவே முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள்.

உங்கள் வகுப்பறைக்குள் யாராவது கேட்காமல் நுழைந்து ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் சும்மா விடுவீர்களா? ஒழுங்கைத் தேடி வந்தவரும் நீங்கள்தான், இந்த வீட்டில் இருக்கும் ஒரே சட்டத்தை மீறியவரும் நீங்கள்தான். என்னிடம் மன்னிப்பு வேண்டாம். சின்ன வயதில் நீங்கள் குட்டாத குட்டா, நமக்குள் என்ன இருக்கிறது. அவளிடம் கேளுங்கள். கேட்கும்வரை இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

தங்கை

ஜூன் 29

அனுப்புநர்: மாமா
பெறுநர்: மருமகள்
பொருள்: மன்னிப்புக் கோருதல்

மதிப்பிற்குரிய மருமகளுக்கு,

என் பள்ளியில் தப்புச் செய்த பிள்ளைகள் இப்படித்தான் எழுதித் தர வேண்டும். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

அன்று துணி தொங்குவதைப் பார்த்தேன். பார்த்தும் தட்டாமல் நுழைந்தேன். பார்க்கவில்லையென்று உன் அத்தையிடம் சொன்னது பொய். உன் வேலையைக் கெடுத்தேன். இனிமேல் இப்படி நடக்காது.

இடத்தை நேற்று வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அதற்காக மாமா தோற்றுவிட்டார் என்று உன் அம்மா குதிக்க வேண்டாம். மணியடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான். அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

அந்த ஆள் ஏறி முடித்துவிட்டானா? பார்க்க ஆசையாக இருக்கிறது. வரலாமா? நீ சரியென்று எழுதினால்தான் புறப்படுவேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மாமா