மேடைக்கு எவ்வளவு உயரம்

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். முதல் ஷிப்ட் முடிந்து நேரே வடலூர், கட்டுகிற வீட்டுக்கு. சுவர்ப் பூச்சு முடிந்துவிட்டது. வாங்க வேண்டியவை: குழாய் 2, ஜன்னல் கொக்கி, எலுமிச்சம்பழம்.

மேஸ்திரி ஏழுமலை சமையலறையில் நின்றுகொண்டு கேட்டார். "சார், மேடை எவ்ளோ ஒயரம் வைக்கறது? அம்மாவ ஒரு தடவ இட்டாந்து நிக்க வைங்க. முழங்கைக்கு நாலு இஞ்சு கீழ இருந்தாதான் தோள் வலிக்காது."

மனைவி சரோ ஓசூரில், மகள் கவி வீட்டில். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று போனவள். நாலு வருஷம் ஆகிறது. இதெல்லாம் மேஸ்திரிக்கு எதற்கு? "ஊருக்குப் போயிருக்கா" என்றேன். பொய் இல்லை.

மே 13, புதன்

இப்போது இருக்கும் கம்பெனி குவார்ட்டர்ஸில் சமையல் மேடையை டேப் வைத்து அளந்தேன். முப்பத்து நான்கு இஞ்ச். இந்த பிளாக் முழுக்க ஒரே அளவு. சரோ நாலடி ஒன்பது. இருபத்தாறு வருஷம் பலகை போட்டு ஏறி நின்று தோசை சுட்டாள். கொஞ்சம் உடைத்துத் தாழ்த்தித் தரச்சொல்லி எத்தனை தடவை கேட்டாள்! "கம்பெனி வீடு, காலி பண்றப்ப கேப்பாங்க" என்று ஒரே பாட்டு பாடினேன். எதிர்வீட்டில் உடைத்தார்கள். பக்கத்து வீட்டில் டைல்ஸே ஒட்டினார்கள். யாரும் வந்து கேட்கவில்லை. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் நாலே மாதம். பயந்தாங்கொள்ளி. வேறு யார், நான்தான்.

சாம்பாரில் உப்பு அதிகம்.

மே 14, வியாழன்

மேஸ்திரி விடுவதாக இல்லை. சித்தாள் வள்ளியைச் சுவரோரம் நிற்க வைத்தார். "அம்மா இவ்ளோ இருப்பாங்களா சார்?" இரண்டு விரல் கம்மி என்றேன். வள்ளி வெறுங்கையால் கரண்டி பிடித்துக் கிண்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

"உங்க வீட்ல மேடை எவ்ளோம்மா?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வூட்ல ஏதுங்க மேடை? கீழ ஒக்காந்துகினுதான் ஆக்குறேன். ஊருக்கெல்லாம் கட்டிக்கினு கெடக்கேன்." கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேஸ்திரி சுவரில் பென்சில் கோடு போட்டார். முப்பது. அந்தக் கோட்டில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். சரோ வர வேண்டும். வந்து இங்கே நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கோட்டைப் போட்டோ எடுத்து, 'மேடை முப்பது இஞ்ச்' என்று சரோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

மே 15, வெள்ளி

காலையில் அவளே கூப்பிட்டாள். பின்னால் மிக்ஸி சத்தம்.

"எதுக்குங்க முப்பது?"

"உன் உயரத்துக்கு."

மிக்ஸியை நிறுத்தினாள்.

"பாப்பா ஒண்ணாவது போறா. கவி வேலைக்குப் போறா. நான் எங்கேருந்து வர்றது? நீங்கதானே நின்னு சமைக்கப் போறீங்க. முப்பத்தாறு வைக்கச் சொல்லுங்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்."

"அங்க மேடை எப்படி உனக்கு?"

"எட்டலைங்க. கவி உயரத்துக்குக் கட்டினது."

ஷிப்டில் மனசே ஒட்டவில்லை. கவி என் உயரம்.

மே 16, சனி

விடியற்காலை லேசான தூறல். விடுப்பு போட்டேன். மேடைக்குக் கடப்பா கல் வந்து இறங்கிவிட்டது.

"சார், கல்லு ஏத்திட்டா அப்பறம் மாத்த முடியாது. அம்மா என்ன சொன்னாங்க?"

"முப்பத்தாறு."

மேஸ்திரி கோட்டை அழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முப்பதே வைங்க."

"அப்ப அம்மா வராங்களா சார்?"

"தெரியலைங்க. நீங்க வைங்க."

நாலு பேர் தூக்கி வைத்தார்கள். போய் நின்று பார்த்தேன். என் தொடைக்குத்தான் வருகிறது. நன்றாகக் குனிய வேண்டும். குனிந்துகொள்கிறேன்.